கண்மாய் மீனுக்கு நாள் குறிப்பது தண்ணீர்தான்

தை பிறந்துவிட்டால் கண்மாய்க் கரையில் ஒரே பேச்சுதான்: எப்போது வலை இறக்கலாம்? மாசி பிறக்கட்டும் என்பார் ஒருவர். பங்குனிப் பொங்கல் முடியட்டும் என்பார் இன்னொருவர். இரண்டும் பலித்த வருடங்கள் உண்டு, இரண்டுமே கையைக் கடித்த வருடங்களும் உண்டு. கண்மாய் மீனிடம் மாதக் கணக்கு செல்லாது. மடைக்கு முன்னால் எத்தனை அடித் தண்ணீர் நிற்கிறது என்பதுதான் அதன் நாட்காட்டி. அதைப் படிக்கப் பழகிவிட்டால் எப்போது குஞ்சு விடுவது, எந்த வலையை எப்போது எடுப்பது, எந்த வாரத்தில் மொத்தமாகப் பிடித்து முடிப்பது என்று எல்லாவற்றுக்கும் அங்கேயே விடை கிடைக்கும்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 பாசன ஏரிகள் இருக்கின்றன. வடக்கே ஏரி, தாங்கல் என்றும், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய், ஏந்தல் என்றும் பெயர். வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிரம்பி, வயலுக்குப் பாய்ந்து, வெயிலுக்கு வற்றி, சித்திரை வைகாசியில் பெரும்பாலானவை சேறாகிவிடும். முழுசாக நிரம்பிய நாளில்கூட மடையோரம் எட்டடி, பத்தடி இருந்தால் அதிகம். எதிர்ப்பக்கம் கரண்டைக்கால்தான் நனையும். 1,000 ஹெக்டேருக்கு உட்பட்டதையெல்லாம் சிறிய நீர்த்தேக்கம் என்று அரசு வகைப்படுத்துகிறது. ஐம்பது ஏக்கர் கண்மாய் 20 ஹெக்டேர்தான். ஆகவே அணைகளுக்கென்று போட்ட அட்டவணையை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் பொருந்தாது.

கண்மாயின் உருவத்தை முதலில் மனசில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அது தொட்டி அல்ல, ஒரு பக்கம் சாய்த்து வைத்த தாம்பாளம். கரையோரம் ஆழம், உள்வாய்ப் பக்கம் போகப் போக மேடு. இதனால் என்ன ஆகிறது? மட்டம் பாதியாக இறங்கும்போது தண்ணீர் பாதியாகக் குறைவதில்லை. நீளமும் சேர்ந்து சுருங்குவதால் நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். மடையோரம் பத்தடி நின்ற கண்மாய் ஐந்தடிக்கு வந்தால் கால் பங்குத் தண்ணீர். இரண்டரை அடிக்கு வந்தால் பதினாறில் ஒரு பங்கு. பக்கவாட்டிலும் சரிவு இருந்தால் இன்னும் குறைவு. மீனோ அதே மீன்தான், இதற்குள் எடையும் கூடியிருக்கும். மார்கழியில் ஒரு மீனுக்குப் பதினாறு குடம் தண்ணீர் இருந்த இடத்தில் பங்குனியில் ஒரு குடம். இந்த ஒரு கணக்கை உள்ளே வாங்கிக்கொண்டவர் "இன்னும் ரெண்டு வாரம் வளரட்டுமே" என்று சொல்ல யோசிப்பார்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மடைப் பக்கம் ஒரு கல்தூணோ இரும்புக் குழாயோ நட்டு, அரை அடிக்கு ஒரு கோடு வண்ணம் அடித்தால் போதும். சுழியை மடையின் அடிப்படிக்கு நேராக வைக்க வேண்டும். காரணம் உண்டு. படிக்கு மேலே இருப்பது பாசனத் தண்ணீர், விவசாயிக்கு உரியது, மடை திறந்தால் போய்விடும். படிக்குக் கீழே கரையோரப் பள்ளங்களில் நிற்பதுதான் மீனின் கடைசித் தண்ணீர். அது வெயிலுக்கும் மண்ணுக்கும் மட்டுமே குறையும். கோடையில் வெயிலே நாளுக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை குடித்துவிடும், மாதத்துக்கு முக்கால் அடி என்று வையுங்கள். மடை திறந்திருக்கும் வாரங்களில் இறக்கம் இதைப்போலப் பல மடங்கு. வாரம் ஒரு நாள் அளவை எழுதி வைத்தால், மூன்று அடிக் கோட்டைத் தண்ணீர் எந்த வாரம் தொடும் என்று ஒரு மாதம் முன்பே சொல்லிவிடலாம்.

குத்தகைக் கணக்கும் இதில் குறுக்கிடும். கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையான மீன்பாசிக் குத்தகை பெரும்பாலும் பசலி ஆண்டுக்கு விடப்படும், ஜூலை 1 முதல் மறு ஜூன் 30 வரை. பசலி 1434 என்றால் 2024 ஜூலையில் தொடங்கி 2025 ஜூனில் முடிந்தது. காகிதத்தில் பன்னிரண்டு மாதம் இருந்தாலும் கையில் கிடைக்கும் தண்ணீர் ஐந்து மாதமோ ஆறு மாதமோதான். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் உள்ள கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பு, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். ஏலம் கேட்கும் முன் யாருடைய பொறுப்பில் இருக்கிறது, எந்த மாதம் வரை பாசனம், மடைப்படிக்குக் கீழே பள்ளம் எவ்வளவு என்ற மூன்றையும் விசாரிக்காமல் தொகை சொல்லக் கூடாது. காய்ந்து கிடக்கும்போதே உள்ளே இறங்கி நடந்து பார்த்துவிடுவது நல்லது. முள் கட்டை எங்கே, வண்டல் அள்ளிய குழி எங்கே, களிமண் எங்கே என்று அப்போது தெரிவது தண்ணீர் வந்தபிறகு தெரியாது.

இனி குஞ்சு. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்றுமீன். வெள்ளம் பாயும் ஆற்றில்தான் முட்டையிடும், தேங்கிய தண்ணீரில் இடாது. அதனால் கண்மாயில் அவற்றை வருடா வருடம் விட்டாக வேண்டும். 1957-இல் கட்டாக்கில் பிட்யூட்டரிச் சுரப்புச் சாற்றை ஊசியாகப் போட்டு இவற்றை முட்டையிட வைத்ததற்குப் பிறகுதான் குஞ்சு பண்ணையிலேயே கிடைக்கத் தொடங்கியது. அதற்கு முன் ஆற்றில் அள்ளிய கலப்படக் குஞ்சுதான் கதி.

எப்போது விடுவது என்பதில்தான் பணம் தண்ணீரோடு போகிறது. ஐப்பசியில் முதல் தண்ணீர் வந்ததும் விட்டால் வளர நாள் கூடுதல் என்று ஆசை வரும். ஆனால் கண்மாய் நிரம்பி, மிகுதித் தண்ணீர் வழியும் கலிங்கு போனால், ஓட்டத்தோடு குஞ்சும் அடுத்த கண்மாய்க்குப் போய்விடும். கலிங்கு நின்றபிறகு விடுவதே பாதுகாப்பு. கலிங்கு போகும் வாய்ப்பே இல்லாத, அரைக் கொள்ளளவுக்குத் தண்ணீர் வந்த வருடத்தில் மட்டும் முன்கூட்டியே விடலாம். கலிங்கில் வலை கட்டித் தடுக்கிறேன் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆகாயத்தாமரையும் சருகும் வந்து வலையில் அப்பினால் அது சுவராகிவிடும், தண்ணீர் கரைமேல் ஏறும். மீனுக்காகக் கரையை உடைத்த பழி வேண்டாம். கட்டுவதானால் அகலக் கண்ணி வலையைச் சாய்வாகக் கட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சருகு வழித்துவிட ராத்திரியும் ஆள் நிற்க வேண்டும். ஆள் இல்லை என்றால் கட்டவே கூடாது.

அளவிலும் கஞ்சத்தனம் உதவாது. ஓர் அங்குலக் குஞ்சு மலிவு, எண்ணிக்கை நிறையக் காட்டும். ஆனால் கண்மாயில் விராலும் குறவையும் உளுவையும் காத்துக்கொண்டிருக்கும், மேலே நீர்க்காகம். நான்கு அங்குலம், அதாவது 100 மில்லிமீட்டர் தொட்ட விரலிகளை விடுங்கள். எத்தனை? முழுப் பரப்புக்குக் கணக்குப் போடாதீர்கள். மாசியில் எஞ்சும் பரப்புக்குப் போடுங்கள். ஐம்பது ஏக்கர் கண்மாய் மாசியில் இருபத்தைந்து ஏக்கராகச் சுருங்கும் என்றால் 10 ஹெக்டேர். ஹெக்டேருக்கு 1,500 வீதம் 15,000 விரலிகள். மேல்மட்டத்தில் மேயும் கட்லா 6,000, நடுமட்ட ரோகு 4,500, அடிமட்ட மிர்கால் 4,500 என்று பிரிக்கலாம். களி அடிமண்ணாக இருந்து தண்ணீர் எப்போதும் கலங்கலாகவே நிற்கும் கண்மாயில் கட்லாவைக் குறைத்து மிர்காலைக் கூட்டுவது நல்லது. கலங்கலில் வெயில் உள்ளே இறங்காது, கட்லா தின்னும் மிதவை உயிர்கள் பெருகாது.

எண்ணி வாங்குவது தனிக் கலை. பண்ணையில் ஓட்டை போட்ட கிண்ணத்தால் அள்ளி, 'கிண்ணத்துக்கு இத்தனை' என்று கணக்கு வைப்பார்கள். முதல் கிண்ணத்தை மட்டும் எண்ணினால் அது எப்போதும் நிறைந்த கிண்ணமாகவே இருக்கும். இடையில் ஒன்று, கடைசியில் ஒன்று என மூன்று கிண்ணங்களை எண்ணிச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் வடியும்வரை ஒரு நொடி பொறுத்து அள்ளினாரா, வடியாமல் அள்ளினாரா என்பதிலேயே பத்துப் பதினைந்து குஞ்சு மாறும். முந்தின நாள் தீனி நிறுத்தி, வயிறு காலியான குஞ்சுதான் பயணம் தாங்கும். பையில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். கொண்டுவந்ததும் அவிழ்த்துக் கொட்டிவிடக் கூடாது. கட்டியபடியே பையைக் கண்மாயில் கால் மணி நேரம் மிதக்க விட்டு, வாயைத் திறந்து, கையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்மாய்த் தண்ணீர் சேர்த்து, பையைச் சாய்த்தால் குஞ்சு தானே நீந்தி வெளியேறும். மதிய வெயிலில் விட்ட குஞ்சு அப்போது சாகாது, மறுநாள் கரையோரம் வெள்ளையாக ஒதுங்கும். சாயங்காலம் விடுங்கள்.

மழைக்காலத்தில் வலையைத் தொடாமல் இருப்பதும் மீன்பிடித் தொழிலின் ஒரு பகுதிதான். அப்போதுதான் நாட்டுமீன் குஞ்சு பொரிக்கும். விரால் செடிகளை ஒதுக்கி இடம் செய்து முட்டையிடும். பொரிந்த குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் பந்தாகத் திரண்டு, மூச்சு வாங்க அடிக்கடி மேலே வரும். தண்ணீர் அங்கே மட்டும் கொதிப்பதுபோல் தெரியும். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த இடத்தில் தவளையைக் கோர்த்த தூண்டிலைப் போட்டால் பெரிய விரால் கோபத்தில் பாய்ந்து கவ்வும். பிடித்தவருக்கு ஒரு மீன். காவல் இல்லாத குஞ்சுப் பந்து அன்று மாலைக்குள் மற்ற மீனுக்குத் தீனி. அடுத்த வருடம் "விராலே இல்லை" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கண்மாயில் விடவே கூடாது, சட்டத்திலும் அதற்குத் தடை இருக்கிறது. எல்லாவற்றையும் தின்று, வற்றினாலும் சாகாமல் நிற்கும். ஜிலேபி வேறு கதை. 1952-இல் இந்தியாவுக்கு வந்த அந்த மீனை இனி வெளியேற்ற வழியில்லை, சின்னதாக இருக்கும்போதே முட்டையிட்டுப் பெருகும். அதைத் தொடர்ந்து பிடித்துக் குறைப்பது ஒன்றே வழி.

தை மாதம் தண்ணீர் தெளியத் தொடங்கும். அப்போது கையை நேராகத் தண்ணீருக்குள் இறக்கிப் பாருங்கள். முழங்கை நனையும் நேரத்தில் உள்ளங்கை மறைந்து, தண்ணீர் இளம்பச்சையாக இருந்தால் மீனுக்கு வேண்டிய பாசி இருக்கிறது. மணிக்கட்டு நனைவதற்குள்ளேயே கை மறைந்தால் பச்சை மிஞ்சிவிட்டது, இனி சாணம் ஒரு கூடைகூடப் போடக் கூடாது. அடிமண் வரை பளிச்சென்று தெரிந்தால் வேலம்பாசி மண்டப்போகிறது என்று அர்த்தம். பழுப்பாகத் தெரிவது களிமண்தான், பாசி என்று ஏமாறக் கூடாது.

மடையோரம் ஆறடியிலிருந்து நான்கடிவரை நரம்பு வலைக்கான காலம். பெரிய மீனை மட்டும் எடுத்து, சின்னதை விட்டுவைக்கும் ஒரே வலை இதுதான். கண்ணியை ஈரத்தில் இழுத்துப் பிடித்து முடிச்சுக்கு முடிச்சு அளக்க வேண்டும். மீனின் அகன்ற இடத்துச் சுற்றளவை இரண்டரையால் வகுத்தால் வேண்டிய கண்ணி கிடைக்கும். ஒரு கிலோ கட்லாவுக்குச் சுற்றளவு 28, 29 சென்டிமீட்டர் வந்தால், கண்ணி 11 முதல் 12 சென்டிமீட்டர். அதைவிடச் சின்னதில் மூக்கு முட்டித் திரும்பிவிடும், பெரியதில் ஊடுருவிப் போய்விடும். வலையை மேல்கயிற்றில் கோர்க்கும்போது 100 மீட்டர் வலையை 50 மீட்டர் கயிற்றில் கோர்க்க வேண்டும். வலை மிச்சம் பிடிக்கவேண்டுமென்று இழுத்துக் கோர்த்தால் கண்ணி சப்பையாகி மீன் சிக்காது.

வலையைக் கண்ட இடத்தில் இறக்கக் கூடாது. கரையோர ஆழத்துக்கும் உள்வாய் மேட்டுக்கும் நடுவே, மீன் போகும் வழிக்குக் குறுக்கே விடுங்கள். பகலில் ஆழத்தில் இருக்கும் மீன், சாயங்காலம் வெதுவெதுப்பான மேட்டுத் தண்ணீருக்கு மேயப் போகும், விடியும்போது திரும்பும். இரண்டு பயணத்திலும் குறுக்கே நிற்கும் வலைதான் பலன் தரும். பொழுது சாய இறக்கினால் ராத்திரி பத்து மணிக்கு ஒருமுறை, விடியும் முன் ஒருமுறை தூக்க வேண்டும். கோடைத் தண்ணீரில் வலையிலேயே செத்த மீன் நாலைந்து மணி நேரத்தில் செவுள் வெளுத்து வயிறு மெத்தென்று ஆகிவிடும். காலை எட்டு மணிக்கு வந்து தூக்குகிறவர் பாதி மீனைக் கருவாட்டுக்குத்தான் கொடுப்பார்.

நான்கடியிலிருந்து இடுப்பளவு வரை வீச்சு வலை. கொண்டையிலிருந்து விளிம்புவரை ஒன்பது முதல் பன்னிரண்டு அடி நீளம், விளிம்பு முழுக்க ஈயமணி, உள்பக்கம் மடித்துக் கட்டிய மடி. ஆழமான தண்ணீரில் இந்த வலை வீண். விளிம்பு தரை தொடுவதற்குள் மீன் கீழ்வழியாக நழுவிவிடும். வீசும் முறையைக் கண்ணால் பார்த்தே பழக வேண்டும், என்றாலும் எங்கே பிசகுகிறது என்று சொல்லலாம். கைக்கயிற்றின் சுருக்கு இடது மணிக்கட்டில், அவசரத்துக்கு உருவிக்கொள்ளும்படி தளர்வாக. கயிற்றை வளையம் வளையமாகச் சேர்த்து, வலையின் மேல்பாதியையும் அதே கையில் பிடி. விளிம்பில் மூன்றில் ஒரு பங்கு இடது முழங்கையில் தொங்கட்டும், இன்னொரு பங்கை வலது கை ஏந்தட்டும், மிச்சம் நடுவில் தொங்கட்டும். உடம்பை இடப்பக்கம் திருப்பி, இடுப்பிலிருந்து சுழற்றி விட வேண்டும். தோளால் வீசுபவருக்கு வலை வாழைக்காய்போல் நீளமாக விழும். முழங்கையில் இருப்பதை முந்தி விட்டால் பாதி நிலா, பிந்தி விட்டால் வலை முறுக்கிக்கொள்ளும். விழுந்ததும் உடனே இழுக்காமல் மணி தரையில் படியும்வரை பொறுங்கள். பிறகு சின்னச் சின்ன இழுப்பாக இழுத்தால் மணிகள் தரையை உரசியபடி ஒன்றுகூடும். வேகமாக இழுத்தால் விளிம்பு தூக்கும், முதலில் தப்புவது மிர்கால்.

கருவேல மரம் நிற்கும் கண்மாயில் வீச்சு வலை எடுப்பவர் கோடையிலேயே தூர்க்கட்டைகளை வெட்டி, முள்ளைப் பொறுக்கி, நான்கைந்து களங்களைச் சுத்தமாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். சிக்கிய வலையை இழுக்காதீர்கள். எதிர்ப்பக்கம் நடந்துபோய், வந்த வழியே தூக்கினால் பெரும்பாலும் விடும்.

தூண்டில்காரருக்கு இந்த மட்டமெல்லாம் நல்ல மட்டம்தான். பத்தடி மூங்கில், 0.25 மில்லிமீட்டர் நரம்பு, மயிலிறகுத் தண்டுத் தக்கை, எட்டு அல்லது பத்தாம் நம்பர் முள், நெளியும் மண்புழு போதும். கவனிக்க வேண்டியது தக்கை உயரம். முள்ளில் ஈயக்குண்டை மாட்டி இறக்கி ஆழம் பார்த்து, மண்புழு தரைக்கு இரண்டு விரல் மேலே நிற்கும்படி வைத்தால் கெண்டையும் ஜிலேபியும், தரையில் படுத்தால் கெளுத்தியும் கிடைக்கும். கெளுத்தி, தேளி இரண்டையும் பிடியில் கையாளும்போது மார்புச் சிறகு முள்ளில் கவனம். குறிப்பாகத் தேளி முள் விஷம். குத்திவிட்டால், பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் கையை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருந்தால் வலி இறங்கும். முள் முறிந்து உள்ளே நின்றுவிட்டாலோ வீக்கம் கூடினாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

மூன்றடிக் கோடு. இங்கேதான் பலருடைய வருடம் தொலைகிறது. தண்ணீர் சூடாக ஆக அதில் காற்று தங்கும் அளவு குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். பகலில் பாசி ஆக்சிஜனை விடும், மாலை மூன்று நான்கு மணிக்கு உச்சம். பொழுது சாய்ந்தபிறகு அதே பாசி மீனோடு போட்டி போட்டு உறிஞ்சும். விடிவதற்கு முந்திய ஒரு மணி நேரம்தான் அடிமட்டம். லிட்டருக்கு மூன்று மில்லிகிராமுக்குக் கீழே போனால் கெண்டை வகைகள் தவிக்கும். ஆகவே கண்மாயின் உடல்நிலையைப் பார்க்க வேண்டிய நேரம் காலை ஐந்து மணி. மத்தியானம் பத்துப் பேர் வந்து பார்த்து "மீன் நல்லாத்தான் துள்ளுது" என்று சொன்னால் அதில் பொருளே இல்லை. டார்ச் அடித்துப் பாருங்கள். கட்லா வாயைப் பிளந்து மேலே வரிசையாக நின்று, வெளிச்சம் பட்டும் ஓடாமல் இருந்தால், உங்களுக்கு இரண்டு மூன்று நாள்தான் இருக்கிறது. வெயில் ஏறியதும் அவை உள்ளே போய்விடும். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது.

இதில் கோடைமழைதான் பெரிய கேடு. ஊரே மகிழும் அந்த முதல் மழைக்கு மறுநாள் காலையில் கண்மாய் வெள்ளையாக மிதக்கும். யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று சண்டை வரும். பெரும்பாலும் மருந்து காரணமல்ல. மேகம் மூடியதால் முந்தின பகலில் பாசி ஆக்சிஜன் விடவில்லை. மழையும் காற்றும் அடிச்சேற்றைக் கலக்கி, அழுகிய சருகையும் நச்சுவாயுவையும் மேலே கொண்டுவந்துவிட்டன. வரத்துக் கால்வாய்க் குப்பையும் சேர்ந்தது. எல்லாம் ஒரே ராத்திரியில். செத்தவற்றில் கட்லா, ரோகு நிறைய இருந்து, காற்றைக் குடிக்கும் விரால், குறவை, தேளி உயிரோடு இருந்தால் அது மூச்சுத் திணறல்தான். மருந்தாக இருந்தால் விராலும் மிதக்கும். முன்னெச்சரிக்கையாகச் செய்யக்கூடியது ஒன்று: எண்ணெய் மோட்டாரால் கண்மாய்த் தண்ணீரையே உறிஞ்சி, குழாய் வாயில் தகரத்தைக் கட்டிச் சிதறடித்து அங்கேயே விழச் செய்வது. இது பள்ளத்தில் ஒதுங்கிய மீனைக் காலைவரை காக்கும், அவ்வளவுதான். மேகம் திரண்டு, மட்டம் மூன்றடிக்குக் கீழே என்றால் அன்றே பிடித்து முடிப்பதுதான் சரி.

என் கணக்கு இப்படி: ஐந்தடியில் நரம்பு வலையால் கழிக்கத் தொடங்கு, மூன்றடிக்குள் மொத்தப் பிடிப்பை முடி. அரை கிலோ மீன் இன்னும் நூறு கிராம் ஏறட்டும் என்று காத்திருப்பதில் வரும் லாபம் ஒருபக்கம், ஒரே ராத்திரியில் போகும் மொத்தச் சரக்கு மறுபக்கம். இதில் காத்திருப்பை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

மொத்தப் பிடிப்புக்கு இழுவலை. வலையின் நீளம் தண்ணீரின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு, உயரம் ஆழத்தைப்போல் இரண்டு மடங்கு இருந்தால்தான் நடுவில் தொந்தி விழும், அந்தத் தொந்தியில்தான் மீன் சேரும். இறுக்கமாக இழுத்த வலை வேலிமாதிரி நின்று, ரோகு மேலே தாண்டும், மிர்கால் அடியில் புதையும். கீழ்க்கயிற்றைக் காலால் மிதித்தபடி நான்கைந்து பேர் பின்னாலேயே வர வேண்டும். ஆழத்தில் தொடங்கி மேட்டுக் கரையில் முடியுங்கள். பாதிக் கண்மாயை இன்று இழுத்து, மீதியை நாலு நாள் கழித்து என்று தள்ளிப்போடுவது தப்பு. கலங்கிய சேறு மீதி மீனின் செவுளை அடைத்துவிடும். வியாபாரியும் ஐஸும் உறுதியானபிறகு தேதி வையுங்கள். கோடையில் மீனுக்குச் சரிசமமாக ஐஸ் வேண்டும், ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ, அடியில் ஓர் அடுக்கு, இடையில், மேலே. கிணற்றுத் தண்ணீரில் சேறு கழுவி எடுத்தபிறகு அடுக்க வேண்டும். சேற்று வாடை கழுவிப் போகாது. அது நீலப்பச்சைப் பாசியும் சேற்று நுண்ணுயிரும் உண்டாக்கும் பொருள், தசையில் ஊறியிருக்கும். உயிரோடு நல்ல தண்ணீரில் சில நாள் விட்டுவைத்தால் மட்டுமே குறையும்.

தண்ணீரைச் சீக்கிரம் வடித்துவிட்டால் பிடிப்பது சுலபம் என்று ராத்திரியோடு மடையைத் திறந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இது பச்சை அநியாயம். கடைசித் தண்ணீருக்காகக் கதிர் காத்துக்கொண்டிருக்கும். மருந்து கலப்பதும் வெடி போடுவதும் 1897-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். மின்சாரம் பாய்ச்சுவது மீனை மட்டும் கொல்வதில்லை.

முட்டளவுக்கு வந்தபிறகு கண்மாய் ஊருக்கு. புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை, திண்டுக்கல் பக்கங்களில் இதுவே மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர்கள் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் எல்லோரும் ஒன்றாக இறங்குவார்கள். கச்சா, கூடை, வேட்டி, ஊத்தா என்று கையில் கிடைத்ததெல்லாம் வரும். ஊத்தாதான் இதில் நுட்பமான கருவி. மேலும் கீழும் திறந்த குச்சிக் கூடை, கீழ்வாய் இரண்டடி, மேல்வாய் கை நுழையும் அளவு, உயரம் முட்டுக்குச் சற்று மேலே. சேற்றில் கூர் இறங்கும்படி செங்குத்தாகக் குத்தி, இரு கையாலும் அழுத்தி, அசையாமல் ஒரு மூச்சு நிற்க வேண்டும். உள்ளே மீன் இருந்தால் குச்சியில் முட்டுவது உள்ளங்கையில் தெரியும். முட்டு வந்த பக்கத்தைக் கவனித்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டு, சுவரோடு அணைத்து, தலைப்பக்கம் செவுளில் பிடித்தால் விரால்கூட நழுவாது. வாலைத் தேடினால் நழுவும். வரிசையாக நெருங்கி நடந்து குத்தினால்தான் பலன், ஆளாளுக்கு ஒரு மூலையில் குத்தினால் மீன் இடைவெளியில் போய்க்கொண்டே இருக்கும். குழந்தைகளை வண்டல் அள்ளிய குழிப் பக்கம் விடக் கூடாது. முட்டளவுக்கு அடுத்த எட்டு ஆள் மட்டமாக இருக்கும், கலங்கிய தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது.

மடையோரப் பள்ளத்தில் கடைசியாக நிற்கும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்க வேண்டாம். நாட்டுமீனுக்கு அதுதான் விதைக்கோட்டை. ஆராலும் குறவையும் தேளியும் ஈரச்சேற்றுக்குள் புதைந்தே கோடையைக் கழிக்கும். தூர்வாரும்போது அடிவரை ஒரே மட்டமாக வழித்துவிடாமல், மடைக்குச் சற்றுத் தள்ளி முப்பதடிச் சதுரத்தில் நாலடி ஆழ மடு ஒன்றை விடச் சொல்லிக் கேளுங்கள். கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரை சரியும், அதனால் தள்ளியே இருக்கட்டும்.

சேறு வெடித்துக் காய்ந்ததும் அளவுக் கம்பத்தைப் பாருங்கள். அந்த வருடத்து வண்டல் அடிக்கோட்டை மூடியிருக்கும், மாடு உரசிச் சாய்ந்தும் இருக்கும். தோண்டி எடுத்து, மடைப்படிக்கும் கம்பத்துக்கும் நடுவே தண்ணீர் நிரப்பிய குழாயைப் பிடித்து மட்டம் பார்த்து, சுழியைப் படிக்கு நேராக வைத்து, சுற்றிலும் கல் போட்டு இறுக்கி நட்டுவிட வேண்டும். ஆவணி மழைக்கு முன் இதை முடித்துவிடுங்கள்.